பதினான்காம் விதியின் ஒட்டுச் சீட்டு

முத்துப்பேச்சி யாரையும் நம்பமாட்டாள். குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை, அவளே பெருமையாகச் சொல்லிக்கொள்கிற சங்கதிதான் இது. கடையிலிருந்து தூக்குவாளியில் வருகிற டீயை மூடியைத் திறந்து உற்றுப் பார்த்த பிறகுதான் டம்ளரில் ஊற்றுவாள். பஸ்ஸில் கண்டக்டர் சீட்டைக் கிழித்துக் கொடுத்தால் ஊர் பேரைப் படித்துப் பார்ப்பாள். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை வந்தவள் திரும்பிப் போய்ப் பூட்டை இரண்டு இழு இழுத்துவிட்டு வருவாள். அவள் வீட்டுக்காரர் உயிரோடு இருந்த காலத்தில், "நாளைக்கு நான் செத்துப்போனாக்கூட இவ நாடி பிடிச்சுப் பாத்துட்டுத்தான் அழுவா" என்று கேலி செய்வாராம். அப்படியேதான் நடந்தது என்று ஆபீசில் ஒரு பேச்சு உண்டு. அதை யாரும் அவளிடம் கேட்டதில்லை, அம்புட்டுத் துணிச்சல் யாருக்கு இருக்கிறது?

ஆபீஸ் என்றால் நகராட்சி ஆபீஸ். சிவகாசிக்கும் விருதுநகருக்கும் நடுவே ஒரு சின்ன ஊர். பெயர் வேண்டாம், சொன்னால் நாளைக்கே எவராவது சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு சண்டைக்கு வருவார். காலையில் பட்டாசுக் கம்பெனி வேன்கள் பொம்பிளைகளை அள்ளிக்கொண்டு போனால் தெருவே காலியாகிவிடும். அந்த வேனில் போகவேண்டியவள்தான் முத்துப்பேச்சியும். பள்ளிக்கூட வயசிலேயே தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டியவள். லீவு நாளெல்லாம் ஒட்டி, ராத்திரியெல்லாம் படித்து, பரீட்சை எழுதி நகராட்சிக்கு வந்துவிட்டாள். வந்த இடத்திலும் ஒட்டுகிற வேலைதான் அமைந்தது, அதை என்னவென்று சொல்வது!

பதிவறையில் அவள் காவல் காத்தது ஊரின் சட்டங்களை. டெல்லியில் போடுகிற பெரிய சட்டமெல்லாம் இல்லை. நகர்மன்றம் தன் ஊருக்கென்று போட்டுக்கொண்ட துணைவிதிகள். கறிக்கடை எங்கே இருக்கலாம், வாசல்படி சாக்கடையை எம்புட்டு மறைக்கலாம், திருவிழாப் பந்தலை எத்தனை நாளில் பிரிக்கவேண்டும், சரக்கு அடுக்குகிற கிட்டங்கி, வீடுகளிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி இருக்கவேண்டும் என்று ஊர் வாழ்கிற வாழ்க்கை பூராவும் அதில் இருக்கிறது. எல்லாம் சேர்த்து இரண்டு தடி வால்யூம். அதற்கு மூலப்பிரதி என்று பெயர். மன்றம் ஒரு விதியை மாற்றினால் புதுப் புத்தகம் போடமாட்டார்கள். மாறின விதியை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் அச்சடித்து, பழைய விதியின் மேல் ஒட்டிவிடுவார்கள். அன்றிலிருந்து ஒட்டியதுதான் சட்டம்.

ஒட்டுவதில் முத்துப்பேச்சியை அடிக்க ஆள் கிடையாது. மைதாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்கத் துளி மயில்துத்தம் போட்டு, தீப்பெட்டிக் கம்பெனிப் பக்குவத்தில் பசையை அவளே கிண்டிக்கொண்டு வருவாள். அவள் ஒட்டின சீட்டின் ஓரத்தில் லேசாக ஒரு நீலம் தெரியும். கடையில் வாங்குகிற வெள்ளைப் பசையை அவள் தொடுவதில்லை. அதில் என்ன கலந்திருக்கிறானோ, யார் கண்டது!

இந்த வருஷம் ஓர் உத்தரவு வந்தது. இந்த ஒட்டு, அந்த ஒட்டு என்று இல்லாமல் அத்தனை துணைவிதிகளையும் வரிசைப்படுத்தி, ஒரே தொகுப்பாகக் கணினியில் ஏற்றி, சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்கு அனுப்பவேண்டும். முத்துப்பேச்சிக்கு ஓய்வு பெற நாலு மாசம் இருந்தது. அவள் வாசிக்க, பாண்டிச்செல்வம் தட்டச்சு செய்வான் என்று ஏற்பாடு. பாண்டிச்செல்வம் 2015-இல் பதிவறைக்கு வந்தவன், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான். அவளோ எட்டு வருஷமாகியும் அலமாரிச் சாவியை அவன் கையில் ஒருநாள்கூட முழுசாக விட்டதில்லை. கொடுத்துவிட்டு நிலைப்படியில் நிற்பாள்.

வேலை தொடங்கிய இரண்டாம் வாரம் ஒரு திங்கட்கிழமை, வேலுத்தாய் என்ற பொம்பிளை மனுவோடு வந்தாள். பட்டாசுக் கம்பெனியில் திரி வெட்டுகிறவள். அன்றைக்குக் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"அம்மா, எங்க தெருவுல சங்கரபாண்டியன் முதலாளி கிட்டங்கி கட்டப்போறாகளாம். காலண்டர்ப் பேப்பரு, மை டின்னு, மண்ணெண்ணெ எல்லாம் அடுக்குவாகளாம். எங்க வரிசையில இருந்து இருபத்திரண்டு மீட்டருதான் இருக்கு, நாங்களே கயிறு போட்டு அளந்துட்டோம். வெள்ளிக்கிழம விசாரணைன்னு நோட்டீஸ் ஒட்டியிருக்காக."

"யாரு எழுதிக் குடுத்தா இந்த மனுவ?" என்றாள் முத்துப்பேச்சி. மனுவில் என்ன இருக்கிறது என்பதைவிட அதன் பின்னால் யார் இருக்கிறார் என்பதுதான் அவளுக்கு எப்போதும் முதலில்.

"எம் மகதாம்மா எழுதுச்சு. இதுக்கு முன்ன பிள்ளையார் கோயில் தெருவுல இருந்தோம். மூணு வருசத்துக்கு முன்ன அங்கன பேப்பர்க் கிட்டங்கி தீப்பிடிச்சப்ப என் வீட்டுக்காரரு பிள்ளைகள இழுத்து வெளிய போடப் போயி ரெண்டு கையும் வெந்துபோச்சு. இன்னைக்கும் நாந்தான் சோறு ஊட்டி விடுறேன். அங்கன இருந்து தப்பிச்சு இங்கன வந்தா, இங்கனயும் வாராகளே. நாங்க எங்கிட்டுத்தான் போறது?"

முத்துப்பேச்சி மனுவில் முத்திரை குத்தினாள். "ஏந்த்தா, அழாத. ஆபத்துச் சரக்குக் கிட்டங்கி வீட்டுல இருந்து அம்பது மீட்டர் தள்ளி இருக்கணும். பதினாலாவது விதி. எனக்கு மனப்பாடம். அவுக எம்புட்டுப் பெரிய முதலாளியா இருந்தாலும் கட்ட முடியாது. நீ போ."

வேலுத்தாய் கும்பிட்டுவிட்டுப் போனாள். சும்மா சொல்லி அனுப்பினோம் என்று இருக்கக்கூடாதே என்று முத்துப்பேச்சி அலமாரியைத் திறந்து முதல் வால்யூமை எடுத்தாள். கிட்டங்கி விதிகள். பதினான்கு. ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. "மேற்படி இடம் குடியிருப்புக் கட்டடங்களிலிருந்து பதினைந்து மீட்டருக்குக் குறையாத தொலைவில் அமைதல் வேண்டும்."

பதினைந்து!

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தாள். பதினைந்துதான். கிட்டங்கி சம்பந்தப்பட்ட மன்றத் தீர்மானக் கோப்பை எடுத்துத் தூசி தட்டி ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். பதினைந்து மீட்டர் என்று எந்தத் தீர்மானமும் இல்லை. சீட்டில் ஒட்டியவர் கையெழுத்தும் இல்லை. ஆனால் ஓரத்தில் நீலம் தெரிந்தது. அவளுடைய பசை!

அவள் கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது. பசை என்னுடையது, நான் ஒட்டவில்லை. பசை டப்பா இருக்கிற அறையில் இன்னும் ஒரே ஒரு ஆள்தான் உட்கார்ந்திருக்கிறான். ஆக, அவன்தான்.

அதற்குப் பிறகு பார்க்கவேண்டுமே! பாண்டிச்செல்வம் தும்மினாலும் அவளுக்கு அர்த்தம் தெரிந்தது. போன் வந்தால் அவன் வராண்டாவுக்குப் போய்ப் பேசுகிறான், ஏன் இங்கே பேசினால் என்ன? தீபாவளிக்குச் சங்கரபாண்டியன் அச்சகத்திலிருந்து ஆபீசுக்கே காலண்டரும் டைரியும் வரும், இவனுக்கு மட்டும் டைரி இரண்டு வந்ததே, அது எதற்கு? போன வருஷம் புது பைக் எடுத்தானே. உரிமப் பிரிவுக்கு விதியின் நகல் எடுத்துக் கொடுப்பதும் இவன்தானே. அந்தப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தாள். 2016-இலிருந்து எட்டுக் கிட்டங்கிகளுக்கு உரிமம் போயிருந்தது. எட்டும் பதினைந்து மீட்டர் கணக்கில். மூன்றாவது, பிள்ளையார் கோயில் தெரு. நகல் கொடுத்தவர் என்ற இடத்தில் எட்டிலும் பாண்டிச்செல்வத்தின் கையெழுத்து. அடப்பாவி, எட்டு வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்து அக்கா அக்கா என்றுகொண்டே இந்த வேலையா பார்த்தாய் என்று பல்லைக் கடித்தாள்.

செவ்வாய்க்கிழமை நேராகவே கேட்டுவிட்டாள். "ஏலே, இந்தச் சீட்டு எப்ப வந்துச்சு?"

அவன் எட்டிப் பார்த்தான். "நான் வந்தப்பவே இருந்துச்சேக்கா."

"நீ வந்தப்பவே இருந்துச்சா?"

"ஆமாக்கா. ஏன், என்ன ஆச்சு?"

என்ன ஆச்சு என்று கேட்கிறான் பார், ஒன்றும் தெரியாத பச்சைப்பிள்ளை என்று நினைத்துக்கொண்டாள். மத்தியானம் ஆணையர் நவநீதகிருஷ்ணன் அறைக்குப் போய் வால்யூமை மேஜையில் விரித்து வைத்தாள். ஆணையர் வந்து ஆறு மாசம்தான் ஆகிறது. வம்பு தும்பு இல்லாமல் மாறுதல் வாங்கிப் போய்விடவேண்டும் என்பது அவர் வேண்டுதல். அவள் சொன்னதைக் கேட்டு அவருக்கு வியர்த்துவிட்டது.

"நிச்சயமா சொல்றீங்களாம்மா?"

"சார், இந்தப் புத்தகத்துல நான் ஒட்டாம ஒரு சீட்டு இருக்குன்னா அது திருட்டுச் சீட்டு. நான் ஒட்டல."

புதன்கிழமை காலையில் பாண்டிச்செல்வத்துக்குக் குற்றக் குறிப்பாணை வந்தது. வெள்ளிக்கிழமை விசாரணையில் விளக்கம் தரவேண்டும், அதுவரை பதிவறைக்குள் வரக்கூடாது. தாளை வாங்கிப் படித்தவன் அவளை ஒரு தடவை பார்த்தான். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு வராண்டாவில் பெஞ்சில் போய் உட்கார்ந்தான். ஏதாவது கத்துவான் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். கத்தாதது இன்னும் சந்தேகமாக இருந்தது.

ஆதாரம் முழுசாக வேண்டும். சீட்டை உரித்து அடியில் ஐம்பது இருப்பதைக் காட்டிவிட்டால் வெள்ளிக்கிழமை யாரும் வாய் திறக்கமுடியாது. ஆணையரிடம் எழுதி அனுமதி வாங்கிக்கொண்டு, வியாழக்கிழமை மத்தியானம் கதவைச் சாத்திவிட்டு, துணியை வெந்நீரில் நனைத்துச் சீட்டின் மேல் போட்டாள். லேபிள் ஒட்டிய கைக்கு உரிக்கவும் தெரியும். கால் மணி நேரத்தில் சீட்டு ஓரம் கிளம்பி, தோல் மாதிரி மெல்ல வந்தது. அடியில் அவள் மனப்பாடம் பண்ணிய விதி அப்படியே இருந்தது. ஐம்பது மீட்டர். அப்பாடா என்று மூச்சுவிட்டாள்.

பிறகு கையிலிருந்த சீட்டைத் திருப்பினாள்.

நகராட்சித் திருத்தச் சீட்டுகளை உள்ளூர் அச்சகத்தில் இலவசமாகத்தான் அடித்துத் தருவார்கள். இலவசம் என்றால் எந்தத் தாளில் அடிப்பான்? அச்சடிக்கையில் வீணாகிப்போன தினசரிக் காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில். அந்தச் சீட்டின் முதுகிலும் பாதித் தேதி இருந்தது. நல்ல நேரம், எமகண்டம், பூராடம், கூடவே 2013 என்று வருஷம். 2013 காலண்டர் என்றால் 2012-இல் அச்சான கழிவு. மறு வருஷத்துக் கழிவு வந்துவிட்டால் முந்தின வருஷத்துத் தாளை எவனும் வைத்திருக்கமாட்டான், எடைக்குப் போட்டுவிடுவான். அப்படியானால் சீட்டு 2012-இல் அடித்தது. பாண்டிச்செல்வம் அப்போது இந்த ஆபீசிலேயே இல்லை. பதிவறையில் இருந்தது ஒரே ஒரு ஆள்.

முத்துப்பேச்சி நாற்காலியில் உட்கார்ந்தாள். இல்லை, இதிலும் ஏதோ சூது இருக்கிறது, எவனோ பழைய தாளைத் தேடிப் பிடித்து அடித்திருக்கிறான் என்று மனசு ஒரு முட்டு முட்டியது. கையெழுத்து இல்லையே என்று பிடித்துக்கொண்டாள். ஒட்டியவர் கையெழுத்துப் போடவேண்டும் என்ற வழக்கத்தைக் கொண்டுவந்ததே அவள்தான், அதுவும் 2014-இல். அதற்கு முந்தின சீட்டு ஒன்றிலும் கையெழுத்துக் கிடையாது. அது இத்தனை நாளும் அவளுக்கு ஞாபகம் வரவில்லை. ஞாபகம் வர அவள் விடவில்லை என்றுதான் சொல்லவேண்டும்.

எழுந்து 2012-ஆம் வருஷத்து எல்லாத் தீர்மானங்களையும் இறக்கினாள். கிட்டங்கி என்று தேடாமல் பதினைந்து மீட்டர் என்று தேடினாள். கிடைத்தது. கல்யாண மண்டபங்களின் சமையல் கொட்டகை விதிகள், விதி பதினான்கு: பத்து மீட்டர் என்பதைப் பதினைந்து என்று மாற்றியிருந்தார்கள். இரண்டாம் வால்யூமைத் திறந்தாள். சமையல் கொட்டகையின் பதினான்காம் விதியில் சீட்டே இல்லை. பத்து மீட்டர் என்ற பழைய வரி பளிச்சென்று இருந்தது.

வேறென்ன வேண்டும்? சீட்டில் விதி எண் இருக்கும், எந்தத் துணைவிதி என்ற பெயர் இருக்காது. அந்த வருஷம் தீபாவளிக்கு முன்னால் ஒரே நாளில் முப்பத்தேழு சீட்டு வந்து இறங்கியது. வீட்டுக்காரர் மதுரையில் பெரியாஸ்பத்திரியில் கிடந்தார். சாயங்காலப் பஸ்ஸைப் பிடிக்கவேண்டும் என்று லேபிள் ஒட்டுகிற வேகத்தில் ஒட்டித் தள்ளினாள். கொட்டகைச் சீட்டைக் கிட்டங்கியில் ஒட்டிவிட்டாள். ஐம்பது மனப்பாடமாக இருந்ததால் அதன் பிறகு அந்தப் பக்கத்தை அவள் திறந்ததேயில்லை.

எட்டுக் கிட்டங்கி. பிள்ளையார் கோயில் தெரு. ஊட்டி விடுகிற சோறு. அவள் தன் இரண்டு கையையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அழுகைகூட வரவில்லை, பயம்தான் வந்தது.

சாயங்காலம் ஆணையரிடம் போய்ச் சொன்னாள். அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"அம்மா, கொஞ்சம் யோசிங்க. சீட்டு தப்புன்னு ஆயிடுச்சு. அம்பது மீட்டர்னு நாளைக்கு நான் உத்தரவு போட்டுருவேன். அந்தத் தெரு ஜனங்களுக்கு வேண்டியது கெடைச்சிரும். யாரு ஒட்டுனாங்கிறத எதுக்குக் கெளப்பணும்? உங்களுக்கு நாலு மாசம்தான் இருக்கு. பாண்டிச்செல்வத்துக்கு ஒரு கண்டிப்போட முடிச்சு விட்டுருவோம். சின்ன வயசு, தாங்கிக்குவான்."

அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். அவள் கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டாள். சத்தியமாகச் சொல்லப்போனால், வீட்டுக்குப் போகிற வழி பூராவும் அவர் சொன்னது அவளுக்குச் சரியென்றுதான் பட்டது. தெரு தப்பிவிடும். அவளும் மாலை மரியாதையோடு வீட்டுக்குப் போகலாம். ஆனால் எந்த மனுஷனைப் பார்த்தாலும் இவன் எதையோ மறைக்கிறான் என்றே வாழ்ந்த பொம்பிளை அவள். இனிமேல் கண்ணாடியில் தன்னையே அப்படிப் பார்த்துக்கொண்டு எத்தனை வருஷம் இருப்பது? அதை நினைத்தபோது அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மன்றக் கூடத்தில் கூட்டம் நிறைந்திருந்தது. வேலுத்தாய் தன் தெருப் பொம்பிளைகளோடு சுவரோரம் நின்றாள். சங்கரபாண்டியன் வெள்ளை வேட்டி கசங்காமல் முன்வரிசையில் இருந்தார். பாண்டிச்செல்வம் கடைசி நாற்காலியில் குறிப்பாணையை நாலாக மடித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

முத்துப்பேச்சி இரண்டு வால்யூமையும் தூக்கிக்கொண்டு போய் மேஜையில் வைத்தாள். "கிட்டங்கிக்கு அம்பது மீட்டர்தான் விதி. இந்தப் பதினஞ்சு, சமையல் கொட்டகைக்கு உள்ளது. எடம் மாத்தி ஒட்டியிருக்கு" என்றாள். கூடம் சலசலத்தது. "ஒட்டுனது நான். பாண்டிச்செல்வத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. அவன் மேல பழி போட்டதும் நான்தான்."

சங்கரபாண்டியன் எழுந்தார். "இது என்னம்மா கூத்து? எட்டுப் பேருக்குப் பதினஞ்சுல குடுத்தீக, எனக்கு மட்டும் அம்பதா?"

"அந்த எட்டும் தப்புங்க ஐயா. எட்டுக்கும் நோட்டீஸ் போகும். நான் எழுதியே வச்சிருக்கேன்."

ஆணையர் தலையில் கை வைத்துக்கொண்டார். வேலுத்தாய் சுவரோரத்திலிருந்து முன்னால் வந்தாள். "அம்மா, அப்ப பிள்ளையார் கோயில் தெருக் கிட்டங்கி?"

"அதுவும் இந்தச் சீட்டாலதான் தாயி."

திட்டுவாள், மண்ணை வாரி இறைப்பாள் என்று முத்துப்பேச்சி நின்றாள். வேலுத்தாயோ கூட வந்தவர்களைக் கூப்பிட்டுக்கொண்டு வெளியே போனாள். அவள் கேட்டு வந்தது கிடைத்துவிட்டது. அதற்காக யாரும் சந்தோஷப்படவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு முத்துப்பேச்சி பதிவறைக்கு வந்தாள். பாண்டிச்செல்வம் தன் இடத்தில் உட்கார்ந்து கணினியைப் போட்டிருந்தான். அவள் எதிரே நின்றாள்.

"ஏலே தம்பி, என்னைய நாலு வார்த்த வஞ்சுரு. மனசுல வச்சுக்கிடாத."

"வைய என்னக்கா இருக்கு? எனக்கும் இதுல பங்கு இருக்குல்ல."

"உனக்கு என்னலே பங்கு?"

அவன் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "மொத லைசென்சுக்கு நகல் எடுக்கையிலயே எனக்குத் தோணுச்சுக்கா, பேப்பர்க் கிட்டங்கிக்குப் பதினஞ்சு மீட்டர் கொறச்சலா இருக்கேன்னு. தீர்மானத்தத் தேடிப் பாப்போம்னு எந்திரிச்சேன். அப்புறம் அக்கா ஒட்டுனதாச்சே, அதுல போயி என்னத்தப் பாக்கன்னு உக்காந்துட்டேன். பெறகு எட்டுத் தடவையும் நான் பாக்கல."

முத்துப்பேச்சிக்கு அப்போதுதான் அழுகை வந்தது. முந்தானையை வாயில் வைத்து அடைத்தும் நிற்கவில்லை.

"பாத்திருக்கணும்லே," என்றாள். "ஊரு ஒலகத்துல நான் சந்தேகப்படாத ஆளு இல்ல. என்னைய நீ ஒருத்தனாவது சந்தேகப்பட்டிருக்கக் கூடாதா?"